3 ஆண்டு முடிந்தால் கிளெய்மை மறுக்க முடியாதா? ஆயுள் காப்பீட்டில் 'கேள்வி கேட்கும் காலம்' எப்படி வேலை செய்கிறது?

2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் காப்பீட்டு பிரீமியத்தின் மீதான ஜிஎஸ்டி நீக்கப்பட்டது. டேர்ம் பாலிசிக்கு அதுவரை 18% வரி. 'வரிதான் போயிடுச்சே, இப்பவாவது எடுப்போம்' என்று அதன் பிறகு நீங்களும் ஒரு பாலிசி எடுத்திருக்கலாம். முதல் பிரீமியம் கட்டி, 1 கோடி ரூபாய் கவர் தொடங்கிவிட்டது என்ற குறுஞ்செய்தியை வீட்டில் காட்டி, ஒரு வேலை முடிந்தது என்று நிம்மதியாகவும் இருந்திருப்பீர்கள்.

அந்த நிம்மதி முழுமையாக மூன்று ஆண்டுகள் ஆகும். அதுவரை, நீங்கள் இறந்துபோய் உங்கள் நாமினி பணம் கேட்டால், "இவர் விண்ணப்பத்தில் உண்மையைச் சொன்னாரா?" என்று நிறுவனம் தோண்டிப் பார்க்கலாம். பொய் சொன்னார் என்றோ மறைத்தார் என்றோ அதனால் காட்ட முடிந்தால், பணம் தர மறுக்கலாம். இன்சூரன்ஸ் துறையில் இதை 'கன்டெஸ்டபிலிட்டி பீரியட்' என்கிறார்கள். இந்தக் கட்டுரையில் 'கேள்வி கேட்கும் காலம்' என்று வைத்துக்கொள்வோம்.

"மூணு வருஷம் ஓட்டிட்டா போதும், அப்புறம் யாரும் ஒண்ணும் கேட்க முடியாது" என்று ஏஜென்ட்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அது பாதி உண்மைதான். மீதிப் பாதியில்தான் பல குடும்பங்கள் மாட்டிக்கொள்கின்றன.

சட்டம் என்ன சொல்கிறது?

1938-ஆம் ஆண்டு காப்பீட்டுச் சட்டத்தின் 45-வது பிரிவுதான் இதற்கு அடிப்படை. உங்கள் பாலிசி ஆவணத்தின் பின்பகுதியில், யாரும் படிக்காத பக்கங்களில், இந்தப் பிரிவு சுருக்கமாகவோ முழுமையாகவோ அச்சிடப்பட்டிருக்கும்.

பழைய 45-வது பிரிவில் காலக்கெடு இரண்டு ஆண்டுகள். ஆனால் அது பாதி மூடிய கதவு மாதிரி. இரண்டு ஆண்டுகள் கழிந்த பிறகும், பாலிசிதாரர் முக்கியமான விஷயத்தைத் தெரிந்தே, ஏமாற்றும் நோக்கத்தோடு மறைத்தார் என்று நிறுவனம் நிரூபித்தால் கிளெய்மை மறுக்கலாம். பத்து ஆண்டுகள் பிரீமியம் கட்டியவரின் குடும்பமும் அந்தச் சண்டைக்குள் இழுக்கப்படலாம் என்ற நிலை இருந்தது.

2014 டிசம்பர் 26-ஆம் தேதி வந்த அவசரச் சட்டமும், அதைத் தொடர்ந்து நாடாளுமன்றம் நிறைவேற்றிய 2015-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டமும் இதை மாற்றின. காலக்கெடு மூன்று ஆண்டுகளாக நீண்டது. அதற்குப் பதிலாக, மூன்று ஆண்டுகள் முடிந்த பிறகு 'எந்தக் காரணத்துக்காகவும்' பாலிசியைக் கேள்விக்கு உட்படுத்தக் கூடாது என்று சட்டம் சொன்னது. மோசடி என்ற காரணமும் அதில் அடக்கம். நிறுவனத்துக்கு ஓராண்டு கூடுதலாகக் கிடைத்தது. அந்த ஓராண்டுக்குப் பிறகு கதவு முழுசாக மூடிவிடும்.

இப்படி ஒரு விதி எதற்கு? ஆயுள் காப்பீட்டில் உங்கள் உடம்பைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த அளவு நிறுவனத்துக்குத் தெரியாது. நீங்கள் சொல்வதை நம்பித்தான் அது விலை வைக்கிறது. எனவே சரிபார்க்க அதற்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டும். அதே சமயம், இருபது ஆண்டுகள் பிரீமியம் வாங்கிக்கொண்டு, ஆள் இறந்த பிறகு பழைய ஃபைலைத் திறந்து "நீங்க அன்னைக்கு சொன்னது தப்பு" என்று சொல்லவும் விடக் கூடாது. இரண்டுக்கும் நடுவே சட்டம் போட்ட கோடுதான் இந்த மூன்று ஆண்டு.

அந்த மூன்று ஆண்டு எப்போது தொடங்குகிறது?

பெரும்பாலானோர் தவறாகக் கணக்குப் போடுவது இங்கேதான். சட்டம் நான்கு தேதிகளைச் சொல்கிறது: பாலிசி வழங்கப்பட்ட தேதி, ரிஸ்க் கவர் தொடங்கிய தேதி, காலாவதியான பாலிசி புதுப்பிக்கப்பட்ட தேதி, ரைடர் சேர்க்கப்பட்ட தேதி. இவற்றில் எது கடைசியோ, அதிலிருந்துதான் மூன்று ஆண்டு.

ஒரு கற்பனை உதாரணம். 2022 ஜூன் 10 அன்று பாலிசி எடுக்கிறீர்கள். பிரீமியம் கிரெடிட் கார்டில் தானாகப் போகிறது. 2024-ல் கார்டு காலாவதியாகிப் புது கார்டு வருகிறது; இன்சூரன்ஸ் தளத்தில் மாற்ற மறந்துவிடுகிறீர்கள். ஜூன் பிரீமியம் போகவில்லை. நினைவூட்டல் மின்னஞ்சல்கள் புரமோஷன் பகுதிக்குள் போய்விடுகின்றன. மாதத் தவணைக்கு 15 நாள், மற்ற தவணைகளுக்கு 30 நாள் என்ற சலுகைக் காலமும் முடிந்து, பாலிசி காலாவதியாகிறது. நவம்பரில் தற்செயலாகப் பார்த்து, பாக்கியையும் வட்டியையும் கட்டி, 'நான் நல்ல ஆரோக்கியத்துடன் இருக்கிறேன்' என்ற உறுதிமொழியில் டிக் அடித்து, நவம்பர் 5 அன்று புதுப்பிக்கிறீர்கள்.

உங்கள் மனக்கணக்கில் மூன்று ஆண்டு 2025 ஜூனில் முடிகிறது. சட்டத்தின் கணக்கில் அது 2027 நவம்பரில்தான் முடியும். ஒரு கார்டு எண்ணை மாற்ற மறந்ததால், கேள்வி கேட்கும் காலம் கிட்டத்தட்ட இரண்டரை ஆண்டு நீண்டுவிட்டது.

இன்னொன்றும் உண்டு. புதுப்பிக்கும்போது தரும் ஆரோக்கிய உறுதிமொழியும் ஒரு விண்ணப்ப ஆவணம்தான். 2022-ல் நீங்கள் சொன்னது அத்தனையும் உண்மையாக இருந்திருக்கலாம். ஆனால் 2023-ல் பிபி மாத்திரை ஆரம்பித்து, 2024-ல் யோசிக்காமல் 'எந்தப் பிரச்னையும் இல்லை' என்று டிக் அடித்திருந்தால், அந்த டிக் மீதும் கேள்வி வரலாம்.

ரைடர் விஷயத்திலும் கவனம் தேவை. பாலிசி எடுத்துச் சில ஆண்டுகள் கழித்து, விபத்து ரைடரோ தீவிர நோய் ரைடரோ சேர்க்கச் சொல்லி அழைப்பு வந்தால், அந்தத் தேதியும் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். கூடுதல் கவர் வேண்டுமென்றால் தனி பாலிசியாக எடுக்கும் வழியும் இருக்கிறது. அதற்கு அதன் மூன்று ஆண்டு தனி; பழையதன் கணக்கை அது தொடாது.

கணக்கு எந்தத் தேதியில் முடிகிறது என்பதும் முக்கியம். பாலிசி எப்போது 'கேள்விக்கு உட்படுத்தப்பட்டது' என்பதைத்தான் சட்டம் பார்க்கிறது. எல்.ஐ.சி. தொடர்பான ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1962-ல் அளித்த தீர்ப்பு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. அதில் பாலிசி 1945-ல் எடுக்கப்பட்டது. பாலிசிதாரர் 1946 நவம்பரில், அன்றைய இரண்டு ஆண்டுக் கெடுவுக்குள் இறந்தார். நிறுவனம் கிளெய்மை மறுத்தது 1947 அக்டோபரில். நீதிமன்றம் மறுப்பின் தேதியை வைத்தே பார்த்தது; இரண்டு ஆண்டு தாண்டிவிட்டதால் மோசடியை நிரூபிக்கும் கடினமான அளவுகோலை நிறுவனத்துக்கு வைத்தது. ஆனாலும் அந்த வழக்கில் குடும்பம் தோற்றது. பாலிசிதாரர் தன் நோய்க்குச் சிகிச்சை பெற்றதைத் தெரிந்தே மறைத்தார் என்று நீதிமன்றம் கண்டது.

மூன்று ஆண்டுக்குள் எதற்காக மறுக்கலாம்?

சட்டம் இரண்டு வழிகளைத் தருகிறது. இரண்டும் வேறு வேறு. மறுப்புக் கடிதம் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது, நிறுவனம் எந்த வழியில் வந்திருக்கிறது என்பதைத்தான்.

முதல் வழி, மோசடி. உண்மையல்ல என்று தெரிந்தே ஒன்றைச் சொல்வது, தெரிந்த உண்மையைத் திட்டமிட்டு மறைப்பது, நிறுவனத்தை ஏமாற்றும் வேறு செயல்கள் இதில் வரும். வெறுமனே பேசாமல் இருப்பது மோசடி ஆகாது என்று சட்டமே சொல்கிறது. பேச வேண்டிய கடமை இருந்த இடத்தில் பேசாமல் இருந்தால்தான் சிக்கல். தெரிந்த அளவுக்கு உண்மையைத்தான் சொன்னேன், மறைக்கும் எண்ணம் இல்லை, அல்லது அந்த விவரம் நிறுவனத்துக்கு ஏற்கெனவே தெரியும் என்று நிரூபித்தால் கிளெய்மை மறுக்க முடியாது.

நிரூபிக்க வேண்டியது யார் என்று பாருங்கள். பாலிசிதாரர் உயிருடன் இல்லாவிட்டால், மோசடி இல்லை என்று காட்டும் பொறுப்பு பயன்பெறுபவர் மீது விழுகிறது. ஆயுள் காப்பீட்டில் மரணக் கிளெய்ம் என்றாலே பாலிசிதாரர் இல்லை என்றுதானே அர்த்தம்? 2025-ல் ஓர் இரவு லேப்டாப்பில் நீங்கள் எந்த எண்ணத்தோடு 'இல்லை' என்று டிக் அடித்தீர்கள் என்பதை, அந்த அறையிலேயே இல்லாத உங்கள் மனைவியோ கணவரோ அம்மாவோ விளக்க வேண்டும்.

இரண்டாவது வழி, முக்கியமான தகவல் தவறாகச் சொல்லப்பட்டது அல்லது விடுபட்டது. இங்கே ஏமாற்றும் நோக்கம் இருந்ததா என்ற கேள்வி இல்லை. ஆனால் பொறுப்பு நிறுவனத்தின் பக்கம் திரும்புகிறது. அந்தத் தகவல் ரிஸ்க்கோடு நேரடித் தொடர்பு உடையதாக இருக்க வேண்டும். அது தெரிந்திருந்தால் இந்த பாலிசியையே கொடுத்திருக்க மாட்டோம் என்று நிறுவனம் காட்ட வேண்டும். 'கொஞ்சம் கூடுதலாக பிரீமியம் வாங்கியிருப்போம்' என்பதற்கும் 'பாலிசியே கொடுத்திருக்க மாட்டோம்' என்பதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. சட்டத்தின் வாசகம் இரண்டாவதைத்தான் கேட்கிறது. இந்த வரி உங்கள் நாமினிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இந்த இரண்டாவது வழியில் மறுத்தால், அதுவரை கட்டிய பிரீமியத்தை மறுப்பு தேதியிலிருந்து 90 நாட்களுக்குள் நிறுவனம் திருப்பித் தர வேண்டும். மோசடி என்று சொல்லி மறுத்தால் அந்தக் கட்டாயம் இல்லை. எந்த வழியாக இருந்தாலும், மறுப்புக்கான காரணத்தையும் அதற்கு ஆதாரமான ஆவணங்களையும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

பிரீமியம் திரும்பி வந்தால் நஷ்டம் இல்லை என்று நினைக்காதீர்கள். ஆண்டுக்கு 12,000 ரூபாய் கட்டி 1 கோடி ரூபாய் கவர் எடுத்தவர் இரண்டு ஆண்டில் இறந்தார் என்று வைத்துக்கொள்வோம். குடும்பத்துக்குத் திரும்பி வருவது 24,000 ரூபாய். வீட்டுக் கடனின் ஒரு மாதத் தவணைக்குக்கூட அது போதாமல் போகலாம்.

நீதிமன்றங்கள் எதை 'முக்கியம்' என்கின்றன?

உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வடிவம் தெரிகிறது. கீழே உள்ளவை எல்லாம் 2014 டிசம்பர் மாற்றத்துக்கு முன்பே எடுக்கப்பட்ட பாலிசிகள். ஆனாலும் எதைச் சொல்ல வேண்டும், யார் நிரூபிக்க வேண்டும் என்ற கேள்விகளில் இன்றைக்கும் இவைதான் வழிகாட்டி.

ரிலையன்ஸ் லைஃப் வழக்கு, 2019: பாலிசிதாரர் 2009 செப்டம்பரில் 10 லட்சம் ரூபாய்க்கு பாலிசி எடுத்தார். அதற்கு இரண்டு மாதம் முன்பு வேறொரு நிறுவனத்தில் 11 லட்சம் ரூபாய்க்கு எடுத்ததைச் சொல்லவில்லை. 2010 ஏப்ரலில் இறந்தார். நிறுவனம் மறுத்தது சரி என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மற்ற பாலிசிகள் பற்றிய கேள்வி படிவத்தில் தெளிவாக இருந்தது. ஒருவர் எவ்வளவு காப்பீடு வைத்திருக்கிறார் என்பது ரிஸ்க்கைக் கணிக்கத் தேவையான தகவல். படிக்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது என்றும் நீதிமன்றம் கூறியது.

பஜாஜ் அலையன்ஸ் வழக்கு, 2020: பாலிசி எடுத்த ஒரே மாதத்தில் மரணம். முன்பே இருந்த நோயும் சிகிச்சையும் சொல்லப்படவில்லை. இங்கும் நிறுவனத்தின் வாதம் ஏற்கப்பட்டது.

எல்.ஐ.சி. வழக்கு, 2015: இங்கே மறைக்கப்பட்டது முதுகெலும்புத் தேய்மானம். பாலிசிதாரர் இறந்தது மாரடைப்பால். சொல்லாமல் விட்ட பிரச்னை உயிருக்கு ஆபத்தானதும் அல்ல, மரணத்துக்குக் காரணமும் அல்ல என்று சொல்லி, குடும்பத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது.

ஃபியூச்சர் ஜெனராலி வழக்கு, 2024: மற்ற பாலிசிகளை மறைத்தார் என்று நிறுவனம் ஒரு பட்டியலைக் கொடுத்தது. பட்டியல் மட்டும் போதாது, அதை ஆதாரத்தோடு நிரூபிக்கும் பொறுப்பு நிறுவனத்துடையது என்று கூறிய நீதிமன்றம் நாமினிக்குப் பணம் தரச் சொன்னது.

எக்சைட் லைஃப் வழக்கு, 2025: பாலிசிதாரர் தன்னிடம் இருந்த பெரிய பாலிசியைச் சொல்லிவிட்டு, சிறிய தொகைக்கான எல்.ஐ.சி. பாலிசிகளை விட்டுவிட்டார். 40 லட்சம் ரூபாய் கவரைப் பற்றித் தெரிந்தே பாலிசி கொடுத்த நிறுவனம், சில லட்சம் ரூபாய் பாலிசிகளைச் சொல்லவில்லை என்று கிளெய்மை மறுக்க முடியாது என்பது தீர்ப்பு.

இந்த ஐந்திலும் நீதிமன்றம் தேடியது ஒன்றைத்தான்: படிவத்தில் கேள்வி தெளிவாகக் கேட்கப்பட்டதா, மறைத்த விஷயம் நிறுவனத்தின் முடிவை மாற்றியிருக்குமா, அதற்கு ஆதாரம் இருக்கிறதா? சிறிய விடுபடல்களை நீதிமன்றம் மன்னிக்கிறது. ஆனால் அந்த மன்னிப்பு உச்ச நீதிமன்றம் வரை போன பிறகு கிடைத்தது. எக்சைட் வழக்கில் மரணம் 2015-ல், தீர்ப்பு 2025-ல்.

98% கிளெய்ம் விகிதம் சொல்லாத கதை

பாலிசி ஒப்பிடும் தளங்களில் முதலில் கண்ணில் படுவது 'கிளெய்ம் செட்டில்மென்ட் ரேஷியோ'. 98%, 99% என்று பெரிய எழுத்தில் இருக்கும். அது நல்ல அளவுகோல்தான். ஆனால் அது ஒரு சராசரி.

புரிவதற்காக ஒரு கற்பனைக் கணக்கு. ஒரு நிறுவனத்துக்கு ஓர் ஆண்டில் 1,000 மரணக் கிளெய்ம்கள் வருகின்றன. அதில் 900 மூன்று ஆண்டைத் தாண்டிய பாலிசிகள். அத்தனைக்கும் பணம் கொடுக்கப்படுகிறது. மீதி 100 மூன்று ஆண்டுக்கு உட்பட்டவை. அதில் 20 மறுக்கப்படுகின்றன. மொத்த விகிதம் 98%. ஆனால் புதிய பாலிசிதாரரின் குடும்பத்துக்கு உண்மையான விகிதம் 80%. விளம்பரத்தில் வருவது முதல் எண். இந்த ஆண்டு பாலிசி எடுத்த உங்களுக்குப் பொருந்துவது இரண்டாவது எண்.

மூன்று ஆண்டுக்குள் வரும் மரணக் கிளெய்மை நிறுவனங்கள் 'எர்லி கிளெய்ம்' என்று தனியாகப் பார்க்கின்றன. விசாரணையாளர் வீட்டுக்கு வரலாம். மருத்துவமனைப் பதிவு, வேலை இடத்தின் மருத்துவ விடுப்பு விவரம் எல்லாம் கேட்கப்படலாம். இப்படி விசாரணை நடப்பதே மறுப்பு என்று அர்த்தமில்லை. ஆனால் அதற்கும் காலவரம்பு உண்டு. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் 2024-ஆம் ஆண்டு விதிகளின்படி, விசாரணை தேவைப்படாத மரணக் கிளெய்மை 15 நாளிலும், தேவைப்படுவதை 45 நாளிலும் முடிக்க வேண்டும்.

மூன்று ஆண்டு விதி எதைக் காப்பாற்றாது?

காலாவதியான பாலிசியைக் காப்பாற்றாது. பிரீமியம் நின்று சலுகைக் காலமும் முடிந்துவிட்டால், எத்தனை ஆண்டு ஓடிய டேர்ம் பாலிசியாக இருந்தாலும் கவர் இல்லை.

வயதைத் தவறாகச் சொன்னதையும் அது மறைக்காது. வயதுச் சான்றை நிறுவனம் எப்போது வேண்டுமானாலும் கேட்டு, அதற்கேற்ப பாலிசி நிபந்தனைகளைச் சரிசெய்யலாம். அதை 'கேள்விக்கு உட்படுத்துவது' என்று சட்டம் கருதுவதில்லை.

தற்கொலை தொடர்பான 12 மாத நிபந்தனை இதிலிருந்து வேறு. அது பாலிசி ஒப்பந்தத்திலேயே உள்ள தனி விதி. அதையும் மூன்று ஆண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

மருத்துவக் காப்பீட்டுக்கு 45-வது பிரிவு பொருந்தாது. அங்கே 'மொரட்டோரியம்' என்ற தனிக் கணக்கு. 2024-ல் அது 8 ஆண்டிலிருந்து 5 ஆண்டாக, அதாவது தொடர்ச்சியாக 60 மாதமாகக் குறைக்கப்பட்டது. ஆனால் அங்கே 60 மாதம் முடிந்த பிறகும் மோசடி என்று நிரூபித்தால் கிளெய்மை மறுக்கலாம்.

அப்போ இப்போது என்ன செய்யலாம்?

பாலிசி ஆவணத்தோடு உங்கள் ப்ரொபோசல் ஃபார்மின் நகலும் வந்திருக்கும். அந்த பிடிஎஃப் ஃபைலைத் திறந்து, உங்கள் பெயரில் யார் என்ன பதில் கொடுத்திருக்கிறார்கள் என்று படியுங்கள். தொலைபேசியில் பேசி, ஓடிபி சொல்லி எடுத்த பாலிசி என்றால் இது இன்னும் அவசியம். மறுமுனையில் இருந்தவர் வேகமாக முடிக்க எல்லாவற்றுக்கும் 'இல்லை' போட்டிருக்கலாம். பாலிசியை விற்பவர், ஒப்பந்தம் உருவாகும் விஷயத்தில் நிறுவனத்தின் முகவராகவே கருதப்படுவார் என்று புதிய 45-வது பிரிவு சொல்கிறது. அது உங்கள் பக்க வாதத்துக்கு உதவும். ஆனால் அவரிடம் நீங்கள் உண்மையைச் சொன்னீர்கள் என்பதற்கு அன்று சாட்சி யார்?

குறிப்பாகப் பாருங்கள்:

• புகை. 'வீக்கெண்ட்ல மட்டும்', 'பார்ட்டியில மட்டும்' என்பதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை. கேள்வி 'கடந்த 12 மாதத்தில்' என்று இருந்தால், பதிலும் அந்த 12 மாதத்துக்குத்தான்.

• அலுவலக ஹெல்த் செக்கப். ஃபேட்டி லிவர், எல்லைக்கோட்டில் உள்ள சர்க்கரை, தைராய்டு என்று அறிக்கையில் வந்ததை நீங்கள் பெரிதாக எடுக்காமல் இருக்கலாம். அறிக்கை இருக்கிறது, அதைக் கேட்டு வாங்க முடியும்.

• மற்ற பாலிசிகள். அப்பா உங்கள் பெயரில் எடுத்த பழைய எல்.ஐ.சி. பாலிசி, வேறு நிறுவனத்தில் விண்ணப்பித்து நிராகரிக்கப்பட்டது, இன்னும் முடிவாகாத விண்ணப்பம் எல்லாவற்றையும் படிவம் கேட்டிருக்கலாம்.

• வேலை, வருமானம், உயரம், எடை, குடும்பத்தில் உள்ள நோய்கள்.

தவறு இருந்தால், பாலிசி கைக்கு வந்து 30 நாள் ஆகாத பட்சத்தில் 'ஃப்ரீ லுக்' வசதியில் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சரியான விவரத்தோடு புதிதாக விண்ணப்பிக்கலாம். 30 நாள் தாண்டியிருந்தால் நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதுங்கள்: 'இந்தக் கேள்விக்கான பதில் தவறாகப் பதிவாகியிருக்கிறது, சரியான விவரம் இது.' தொலைபேசியில் சொல்வது போதாது. அவர்கள் பிரீமியத்தைக் கூட்டலாம். கூடுதல் பரிசோதனை கேட்கலாம். பாலிசியே வேண்டாம் என்றும் சொல்லலாம். அது வருத்தமான செய்திதான். ஆனால் அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால் வேறு நிறுவனத்தைத் தேடலாம். உங்கள் நாமினிக்கு வந்தால் தேட ஒன்றும் இருக்காது. 'நிறுவனத்துக்கு ஏற்கெனவே தெரியும்' என்ற பாதுகாப்பைச் சட்டம் தருகிறது என்று மேலே பார்த்தோம். அந்த மின்னஞ்சல்தான் அதற்கான ஆதாரம்.

ஆட்டோபே வேலை செய்கிறதா என்று ஆண்டுக்கு ஒரு முறை பாருங்கள். கார்டு மாறினால், வங்கிக் கணக்கு மாறினால், வேலை மாறி அலுவலக மின்னஞ்சல் போனால், முதலில் மாற்ற வேண்டிய இடங்களில் இன்சூரன்ஸ் தளத்தையும் சேருங்கள்.

கிளெய்ம் மறுக்கப்பட்டால் நாமினிக்கு என்ன வழி?

மறுப்புக் கடிதத்தை எழுத்தில் வாங்க வேண்டும். காரணம் மோசடியா, தவறான தகவலா என்று பார்க்க வேண்டும். ஆதார ஆவணங்களின் நகலைக் கேட்க வேண்டும். முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கும், பிறகு ஐஆர்டிஏஐயின் 'பீமா பரோசா' தளத்திலும் புகார் செய்யலாம்.

அதற்கடுத்து காப்பீட்டு குறைதீர்ப்பாளர். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. நிறுவனத்தின் பதில் வந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். தமிழ்நாடு, புதுச்சேரிக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. ஆனால் அவர் வழங்கக்கூடிய தொகைக்கு 50 லட்சம் ரூபாய் வரை என்று வரம்பு உண்டு. இன்றைய டேர்ம் பாலிசிகள் பல 1 கோடி ரூபாய்க்கு எடுக்கப்படுவதால், இந்த வரம்பு உங்கள் தலைமுறைக்கு நேராகவே இடிக்கும்.

அதைத் தாண்டிய தொகைக்கு நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் எந்த ஆணையம் என்பது, கேட்கும் தொகையை வைத்து அல்ல, நீங்கள் கட்டிய தொகையை வைத்து முடிவாகிறது. எனவே 1 கோடி ரூபாய் கிளெய்முக்கும் மாவட்ட ஆணையத்திலேயே வழக்கு போடலாம். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

இவை எதுவும் உங்கள் நாமினிக்குத் தானாகத் தெரிந்துவிடாது. பாலிசி எண், நிறுவனத்தின் பெயர், ப்ரொபோசல் ஃபார்மின் பிடிஎஃப், நீங்கள் அனுப்பிய திருத்த மின்னஞ்சல், மருத்துவ அறிக்கைகள் எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் போட்டு, அது எங்கே இருக்கிறது என்று அவரிடம் சொல்லுங்கள். அந்த ஃபோல்டரின் பெயரிலேயே ஒரு தேதியை எழுதி வைக்கலாம்: பாலிசி வழங்கியது, ரிஸ்க் தொடங்கியது, புதுப்பித்தது, ரைடர் சேர்த்தது ஆகியவற்றில் கடைசித் தேதி, அதோடு மூன்று ஆண்டு.